ஹெவெஷியின் ஈயம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாமாம். மெஸ் சாம்பாரைப் பற்றியும் வார்டனின் விசிலைப் பற்றியும் ஏற்கெனவே தேவைக்கு மேலேயே வந்து குவிந்துவிட்டதாம். நியாயம்தான். அதனால் நம் கல்லூரிப் பக்கமே வராத, 1966-லேயே காலமாகிவிட்ட ஒரு ஹங்கேரிக்காரரைப் பற்றி எழுதுகிறேன். மெஸ் சாம்பார் இதிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளவும்.

அவர் பெயர் ஜார்ஜ் டி ஹெவெஷி. நான் 2010 பேட்ச், கெமிக்கல். நாலு வருஷ வகுப்பில் இந்தப் பெயரை ஒரு தடவைகூடக் கேட்ட ஞாபகம் இல்லை. ஆசிரியர்கள் சொல்லியிருக்கலாம். நான் கடைசி பெஞ்ச். பெயரை முதலில் படித்தது ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சுவரில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தின் கீழே. அங்கே நான் போனது படம் பார்க்க அல்ல.

2022-ல் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். பன்னிரண்டாம் நாள் பாத்ரூம் வரை போய்த் திரும்பும்போது மூச்சு வாங்குகிறது என்றார். நான் வாயு என்று முடிவு கட்டினேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாளும் அதே. மறுபடியும் ஓமத் தண்ணீர். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு இழுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. என்ஜினீயர் பட்டம் வாங்கினவன் செய்த வேலை இது. இரண்டு நாள் வீண்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார், ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தார், சந்தேகத்தைச் சொல்லிவிட்டார். கால் ரத்தக் குழாயில் உறைந்த கட்டி ஒன்று பிய்த்துக்கொண்டு மேலே போய் நுரையீரல் குழாயை அடைத்திருக்கலாம். பல்மனரி எம்பாலிசம். அடைப்பு பெரிதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட வேண்டும். ஆனால் புதுசாக ஆபரேஷன் ஆன கால். சும்மா சந்தேகத்தின் பேரில் மாதக் கணக்கில் மருந்து கொடுத்தால் உள்ளே ரத்தக் கசிவு ஆகலாம். ஆகவே நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும். வழக்கமாக இப்போது இதற்கு சாயம் ஏற்றி சி.டி. எடுத்து விடுகிறார்கள். அம்மாவுக்கு இருபது வருஷ சர்க்கரை. சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடுகிறது. அந்தச் சாயம் அதற்கு ஆகாது. எனவே முதல் ஊசியைப் போட்டுவிட்டு, நியூக்ளியர் மெடிசினுக்கு அனுப்பினார்கள். மஞ்சள் போர்டு, மூன்று இதழ் சின்னம், கனமான கதவு. அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே நின்றேன். எதிர்ச் சுவரில் மூன்று நாலு படங்கள். மேரி க்யூரியைத் தெரிந்தது. பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர். கீழே ஹெவெஷி என்று போட்டு, பிறப்பு 1885, இறப்பு 1966.

செய்வதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளுமே, அப்படி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஊருக்கு வந்து தேடித் தேடிப் படித்தது ஒரு வருஷம்.

புடாபெஸ்டில் 1885 ஆகஸ்ட் முதல் தேதி பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் ஐந்தாவது. நிலபுலன் உள்ள பணக்காரக் குடும்பம். யூத வம்சம், ஆனால் கத்தோலிக்கராக மாறியவர்கள். பாதிரிமார்கள் நடத்திய பள்ளியில் படித்தார். புடாபெஸ்ட், பெர்லின் என்று சுற்றி, ஃப்ரைபர்கில் 1908-ல் டாக்டர் பட்டம். அப்புறம் ஸூரிக். அங்கே வேலை பார்த்தபோது ஐன்ஸ்டீன் பேராசிரியராகி நிகழ்த்திய முதல் சொற்பொழிவைக் கேட்டவர்களில் இவரும் ஒருவர். அடுத்து கார்ல்ஸ்ரூவேயில் ஃப்ரிட்ஸ் ஹேபரிடம். அமோனியா தயாரிப்பு பற்றி நாம் மூன்றாம் வருஷத்தில் உருப்போட்டோமே, அதே ஹேபர்தான். ஒரு வேலைக்குக் கதிரியக்க அளவீடு தெரிய வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ள 1911-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் போனார், ரதர்ஃபோர்டிடம். வயது இருபத்தாறு.

கதை உண்மையில் இங்கேதான் ஆரம்பம்.

ரதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தலைவலி இருந்தது. ஆஸ்திரிய அரசாங்கம் யோவாகிம்ஸ்தால் சுரங்கத் தாதிலிருந்து ரேடியம் எடுத்தபின் மிஞ்சிய ஈயத்தை நூற்றுக்கணக்கான கிலோ அவருக்குக் கொடுத்திருந்தது. அந்த ஈயத்துக்குள் ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருள் ஒளிந்திருந்தது. கிடைத்தால் தங்கத்தைவிட மதிப்பு. ஆனால் சுற்றிலும் மலைபோல சாதாரண ஈயம். அது கதிர்களை வெளியே விடாமல் விழுங்கிவிடும். புதுசாக வந்த பையனிடம் ரதர்ஃபோர்டு அந்த ரேடியம்-டியை ஈயத்திலிருந்து பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார்.

ஹெவெஷி பிரிக்க ஆரம்பித்தார். படிகமாக்கிப் பார்த்தார். வீழ்படிவாக்கிப் பார்த்தார். மின்பகுப்பு, ஆவியாக்கல், ஒன்றையும் விடவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம். ஈயம் எங்கே போனதோ அங்கேயே ரேடியம்-டியும் போனது, நிழல் மாதிரி. துளிகூடச் செறிவு கூடவில்லை. வியன்னாவில் ஃப்ரிட்ஸ் பானெத் என்பவரும் இதே வேலையில் இருபது முறைகள் முயன்று தோற்றிருந்தார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டும் பிரிப்பதுதான். நாங்கள் மூன்று பேர், ஒரு பேக்டு காலம். மேலே எடுத்தாலும் கீழே எடுத்தாலும் ஒரே செறிவு. இரண்டு மாதம் உருண்டோம். கடைசி வாரம் நாங்கள் கண்டுபிடித்த வழி: நோட்டில் ரீடிங்கை நாங்களே எழுதிக்கொண்டோம். கிராஃபில் எல்லாப் புள்ளியும் கோட்டின் மேலேயே கோலம் போட்ட மாதிரி உட்கார்ந்தன. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கிராஃபை ஒரு நிமிஷம் பார்த்தார், எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார், காலம் எத்தனை உயரம் என்று மட்டும் கேட்டார். மூன்று பேரும் மூன்று பதில். பாஸ் போட்டுவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

ஹெவெஷி ரீடிங்கை மாற்றவில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டார். இவ்வளவு செய்தும் இந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை என்றால், எந்த ரசாயன மாற்றத்திலும் இவை பிரியவே பிரியாது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் வேண்டுமென்றே ஒரு சொட்டு ரேடியம்-டியைச் சாதாரண ஈயத்தில் கலந்து விட்டால்? ஈயம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ஈயம் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் எட்டாது. ஆனால் ரேடியம்-டி தன் கதிரால் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மாட்டு மந்தையில் ஒன்றின் கழுத்தில் மட்டும் மணி கட்டிவிட்டால் போதாதா? இருட்டில் மணிச் சத்தம் கேட்கிற இடத்தில் மந்தை இருக்கிறது.

1913-ல் வியன்னா போய், தோல்வியில் பங்காளியான அதே பானெத்தோடு சேர்ந்தார். ஈய சல்ஃபைடு, ஈய குரோமேட் ஆகியவை தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று இந்த மணியை வைத்து அளந்தார்கள். கரைவதே இல்லை என்று எழுதிவிடுகிற உப்புகள் இவை. சோதனை அவ்வளவுதான், சின்னது. ஆனால் இன்று உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தாலும் அதன் தாத்தா இந்தச் சோதனைதான். ரேடியம்-டி என்பது ஈயத்தோடு ஒட்டிக்கொண்ட வேறு பொருள் அல்ல, அதுவும் ஈயமேதான், எடை மட்டும் கொஞ்சம் அதிகமான ஈயம்-210 என்பது அந்தக் காலத்தில்தான் தெளிவாகத் தொடங்கியது. ஐசோடோப் என்ற சொல்லை சாடி அந்த 1913-ல்தான் அச்சில் போட்டார்.

மான்செஸ்டர் நாட்களைச் சேர்ந்த இன்னொரு சோதனை உண்டு. ஹெவெஷியே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை. அவர் தங்கியிருந்த விடுதியின் வீட்டுக்கார அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மிச்சமான கறியையே வாரம் முழுக்க வேறு வேறு வேஷத்தில் பரிமாறுகிறார் என்று இவருக்குச் சந்தேகம். கேட்டால் அந்த அம்மாள் சத்தியமே செய்வார். ஒருநாள் தட்டில் மிச்சம் வைத்த கறியில் துளியூண்டு கதிரியக்கப் பொருளைத் தூவிவிட்டார். சில நாள் கழித்து வந்த பலகாரத்தின் பக்கத்தில் எலெக்ட்ராஸ்கோப்பைக் கொண்டுபோய் வைத்தார். மாட்டிக்கொண்டது. நம் மெஸ்ஸில் ஞாயிறு காலை இட்லி திங்கள் மாலை இட்லி உப்புமாவாக வந்ததை நிரூபிக்க நமக்கு எலெக்ட்ராஸ்கோப் தேவைப்படவில்லை. ஆனால் தத்துவம் ஒன்றுதான். (ஜூனியர்கள் இதை முயன்று பார்க்க வேண்டாம்.)

பிறகு யுத்தம் வந்தது. 1915-ல் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். யுத்தம் முடிந்தபோது சாம்ராஜ்யமே இல்லை. 1920-ல் கோபன்ஹேகனுக்குப் போய், மான்செஸ்டரில் பழக்கமான நீல்ஸ் போரின் புதுக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே டிர்க் கோஸ்டரோடு சேர்ந்து 72-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தார். 1923 ஜனவரியில் அறிவித்தார்கள். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரை வைத்து ஹாஃப்னியம். ஜிர்கோனியத்தோடு அச்சு அசல் ஒட்டிக்கொண்டிருந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படாத தனிமம். ஈயத்தில் தோற்ற மனிதர் இதைப் பிரித்தே காட்டினார், மறுபடி மறுபடி படிகமாக்கி. அணு உலைக்கு வேண்டிய ஜிர்கோனியத்தில் ஹாஃப்னியம் இருக்கவே கூடாது. ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் நம் துறைக்காரர்கள் இன்றும் அந்த இரண்டையும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஹாஃப்னியத்தால் கிடைத்த புகழே ஒரு ஆளுக்குப் போதும். ஆனால் அதே 1923-ல் அவர் அவரைச் செடிகளோடு உட்கார்ந்திருந்தார். மொச்சை வகையைச் சேர்ந்த ஒரு செடியின் வேரைக் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் முக்கி வைத்து, வேர், தண்டு, இலை என்று தனித்தனியே எரித்துச் சாம்பலை அளந்தார். ஈயம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு மேலே ஏறுகிறது என்று தெரிந்தது. உயிருள்ள ஒன்றுக்குள் இந்த மணிச் சத்தத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனிதனுக்குக் கொடுக்க முடியாது, ஈயம் விஷம்.

1924-ல் பியா ரீஸ் என்ற டேனிஷ் பெண்ணை மணந்தார். நாலு குழந்தைகள். ஃப்ரைபர்கில் எட்டு வருஷம் பேராசிரியர். ஹிட்லர் வந்ததும் 1934-ல் மறுபடி கோபன்ஹேகன். அந்தக் காலகட்டத்தில் கனநீரைக் கலந்து தானே குடித்தார். மறுநாளிலிருந்து சிறுநீரின் அடர்த்தியை அளந்து, நாம் குடிக்கும் தண்ணீர் சராசரியாகச் சுமார் 13 நாள் உடம்பில் தங்குகிறது என்று கணக்குப் போட்டார். நம் ரெஸிடென்ஸ் டைம் கணக்குதான். ரியாக்டருக்குப் பதில் தன்னையே ரியாக்டராக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த 1934-ல்தான் ஐரீன், ஃப்ரெடரிக் ஜோலியோ-க்யூரி தம்பதி செயற்கைக் கதிரியக்கத்தை அறிவித்தார்கள். இனி ஈயத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். உடம்புக்கே சொந்தமான தனிமங்களுக்கு மணி கட்டலாம். 1935-ல் கீவிட்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து எலிகளுக்குக் கதிரியக்க ஃபாஸ்பரஸ் கொடுத்தார். அது எலும்பில் போய் உட்கார்ந்தது. அதோடு நிற்காமல் சில நாளில் வெளியேயும் வந்தது. எலும்பு என்றால் ஒரு தரம் கட்டி முடித்த கட்டடம் என்று நினைத்திருந்தார்கள். இல்லையாம். கல் கல்லாக எடுத்து, கல் கல்லாக வைத்து, சாகும்வரை வேலை நடந்துகொண்டே இருக்கும் சைட்டாம். சிவில் நண்பர்கள் கவனிக்க.

1940 ஏப்ரலில் ஜெர்மன் படைகள் கோபன்ஹேகனுக்குள் நுழைந்தன. போர் கழகத்தில் இரண்டு நோபல் தங்கப் பதக்கங்கள் பத்திரத்துக்காக வைக்கப்பட்டிருந்தன. மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃப்ராங்க் இருவருடையது. பதக்கத்தில் பெயர் பொறித்திருக்கும். ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது பெருங்குற்றம். லாவே ஜெர்மனியிலேயே இருக்கிறார். பிடிபட்டால் அவர் கதி அதோகதி. புதைத்துவிடலாமா என்று யோசித்தார் ஹெவெஷி. தோண்டி எடுத்துவிடுவார்களே என்று போர் ஒப்பவில்லை. தெருவில் படைகள் அணிவகுத்துப் போய்க்கொண்டிருக்க, ஹெவெஷி ராஜதிராவகத்தில் பதக்கங்களைக் கரைத்துக்கொண்டிருந்தார். தங்கம் லேசில் கரையாது, நேரம் எடுத்தது. ஆரஞ்சு நிறக் கரைசல் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கப்பட்டது. வந்தவர்கள் சோதனை போட்டார்கள். லேபில் ஆயிரம் பாட்டில், இதுவும் ஒன்று. யுத்தம் முடிந்த பிறகு பாட்டில் அங்கேயே இருந்தது. தங்கத்தை மீட்டு ஸ்வீடனுக்கு அனுப்ப, நோபல் நிறுவனம் அதே தங்கத்தில் மறுபடி பதக்கம் வார்த்துக் கொடுத்தது. ஃப்ராங்க் 1952-ல் பெற்றுக்கொண்டார்.

யூத வம்சத்தவர் என்பதால் ஹெவெஷிக்கும் டென்மார்க் ஆபத்தாகியது. 1943-ல் ஸ்வீடனுக்குத் தப்பிப் போனார். அந்த வருஷத்துக்கான வேதியியல் நோபல், 1944-ல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. தனிமம் கண்டுபிடித்ததற்கு அல்ல. ஐசோடோப்புகளை மணியாகக் கட்டிவிட்டதற்கு. அதாவது, மான்செஸ்டர் அடித்தளத்தில் அந்த இரண்டு வருஷம் தோற்றதற்கு என்று நான் சொல்லிக்கொள்வேன்.

ஸ்டாக்ஹோமில் தங்கிவிட்டார். ஸ்வீடன் குடிமகனானார். ரத்தச் சிவப்பணுக்களில் ஃபாஸ்பரஸ்-32 ஏற்றி உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று அளக்கும் வேலையையும் அந்த 1940-களில் செய்தார். 1966 ஜூலை 5-ஆம் தேதி, ஃப்ரைபர்கில் காலமானார். 2001-ல் அவர் அஸ்தியை புடாபெஸ்டுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன்.

நுரையீரலை நம் பாஷையில் சொன்னால் ஒரு எக்ஸ்சேஞ்சர். ஷெல் பக்கம் காற்று, ட்யூப் பக்கம் ரத்தம். இரண்டும் ஒரே இடத்தில் ஓடினால்தான் வேலை நடக்கும். நிமோனியா போன்றவற்றில் ஷெல் பக்கம் கெடும்; அங்கே ரத்த ஓட்டமும் பெரும்பாலும் சேர்ந்தே குறையும். எம்பாலிசத்தில் ட்யூப் மட்டும் அடைக்கும். காற்று பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டு படம் எடுக்கிறார்கள். கதிரியக்கம் ஏற்றிய வாயுவையோ நுண்துகளையோ மூச்சில் இழுக்கச் செய்து காற்றுப் படம். கையில் ஊசி போட்டு ரத்தப் படம். காற்று இருந்து ரத்தம் இல்லாத இடம் தெரிந்தால் அடைப்பு.

அந்த ஊசியில் இருப்பதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தைச் சூடாக்கி, வெந்த முட்டை வெள்ளைக்கரு போலத் திரளச் செய்த பொடித் துகள்கள். பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான். நுரையீரலின் மிக மெல்லிய குழாய்களின் அகலமோ 7, 8 மைக்ரான்தான். அதாவது துகள்கள் போய் அடைக்கும். அடைக்க வேண்டும் என்றே அனுப்புகிறார்கள்! அடைப்பைக் கண்டுபிடிக்க அடைப்பையே தூது விடுகிறார்கள். சில லட்சம் துகள்கள். ஆனால் நுரையீரலின் நுண்குழாய்களில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் அடைபடும். சில மணி நேரத்தில் துகள்கள் உடைந்து கரைந்து போய்விடும். ரத்தம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் துகள் நிற்கும். ஏற்கெனவே கட்டி அடைத்த பகுதிக்குத் துகளே போகாது. படத்தில் அங்கே இருட்டு.

1964-ல் பால்டிமோரில் ஹென்றி வாக்னர் குழுவினர் இந்த முறையில் நோயாளிகளின் நுரையீரல் அடைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் டாப்ளினும் இதே துகளில் வேலை செய்தவர். அப்போது துகளில் ஏற்றியது அயோடின்-131. பிறகு டெக்னீஷியம்-99எம் வந்தது. ஆறு மணி நேர அரை ஆயுள். வேலை முடிந்ததும் கிளம்பிவிடும் நல்ல விருந்தாளி. படம் பிடிக்கும் காமா கேமராவை 1950-களில் செய்தவர் ஹால் ஆங்கர் என்ற மின் பொறியாளர். இதை இ.இ.இ. நண்பர்கள் ரீயூனியன் மேடையில் சொல்லிக் காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். டெக்னீஷியம் நம் உடம்புக்குச் சொந்தமானது அல்ல. ஹெவெஷியின் கண்டிப்பான விதிப்படி, பின்தொடர்வது பின்தொடரப்படுவதேயாக இருக்க வேண்டும். இங்கே ரத்த ஓட்டத்தோடு போகும் ஒரு துகளுக்குத்தான் மணி. இரவல் மணி. அது ரத்தத்தைப் போலவே பிரிந்து பரவுகிறது என்ற அளவில்தான் விதி செல்லும். ஸ்கேனும் தெய்வவாக்கு அல்ல. 1990-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், பலருக்கு உண்டு என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் நடுவாந்தரமான பதில்தான் வந்தது. சி.டி. முந்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வேலை எனக்கு முற்றிலும் புதுசும் அல்ல. டிரெய்னியாக இருந்தபோது ரிஃபைனரியில் வரிசையாக நிற்கும் எக்ஸ்சேஞ்சர்களில் எது கசிகிறது என்று தெரியாமல் திண்டாடி, புரோமின்-82 கலந்த திரவத்தை உள்ளே விட்டு, வெளியே டிடெக்டரை வைத்துக் காத்திருந்த ஒரு ராத்திரியைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அந்த எக்ஸ்சேஞ்சர் யாருக்கும் அம்மா இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டினார். காற்றுப் படத்தில் இரண்டு நுரையீரலும் முழுசாக, மூட்டமாக. ரத்தப் படத்தில் வலது பக்கம் அடியில் ஒரு பகுதி ஆப்பு வடிவத்தில் யாரோ கடித்துத் தின்ற மாதிரி இல்லை. இடது பக்கமும் இரண்டு இடத்தில் சின்னதாக. நடுவாந்தரம் எல்லாம் இல்லை, சந்தேகமே இல்லை என்றார். எனக்கு அந்த இருட்டைப் பார்க்கப் பார்க்க ஓமத் தண்ணீர் பாட்டில்தான் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு ராத்திரி இன்னொரு கட்டி கிளம்பியிருந்தால்?

கிளம்பவில்லை. ஊசி தொடர்ந்தது, பிறகு மாத்திரை. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். ஆறு மாதம் கழித்து மறுபடி அதே அடித்தளம், அதே கேமரா. அடைப்பு கரையாமல் தங்கிவிடுகிறவர்கள் உண்டு, பார்த்துவிடுவோம் என்றார்கள். இந்தத் தடவை அந்த ஆப்பு இல்லை. இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்தின. வெளியே வந்து நான் அந்தச் சுவர்ப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வாக்கர் இல்லாமல் நடந்து வந்த அம்மா, யாருடா இது, உங்க காலேஜ் வாத்தியாரா என்றார். ஆமாம் என்றுவிட்டேன்.

இன்று ஒரு நாள் சின்னக் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டெக்னீஷியன் தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. கார் கிளம்பியதும் அம்மா கேட்ட கேள்வி, உள்ளே போனது எப்போது தீரும் என்பதுதான். ஆறு மணிக்கு ஒரு தரம் பாதியாகும்மா, நாலு பாதி போனால் பதினாறில் ஒரு பங்கு என்றேன். விரல் விட்டு எண்ணினார். ஊசி போட்டது காலை பத்தரைக்கு. மறுநாள் பத்தரை அடித்ததும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பேத்தியை வாடி என்று கூப்பிட்டார்.